இலை பார்க்கும் பிற வேலைகள்

மரக்காணம் பக்கம் கடற்கரை மணலில் வரிசை வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்புக்குள் நடந்தால், காலடியில் மெத்தென்று அமுங்குவதைச் சவுக்கு இலை என்றுதான் யாரும் சொல்வார்கள். மெலிந்து நீண்ட அந்தப் பச்சைக் குச்சிகளில் ஒன்றை எடுத்து, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் ஏதாவது ஒரு கணுவில் டக்கென்று கழன்று வரும். கழன்றதை மறுபடி செருகிவிட்டு, எந்த இடத்தில் உடைத்தேன் சொல் பார்க்கலாம் என்று பிள்ளைகள் விளையாடுவதும் உண்டு. கழன்ற நுனியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கணுவைச் சுற்றி ஏழெட்டுப் பொடிப் பற்கள் வட்டமாக நிற்பது தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. சவுக்கின் உண்மையான இலைகள் அவைதான். இலை என்று பெயர் வாங்கியிருக்கும் பச்சைக் குச்சி, இலையின் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட சிறுகிளை.

அப்படியானால் எது இலை, எது இலை இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? பச்சை நிறத்தை நம்ப முடியாது. சவுக்கின் கிளையும் பச்சைதான். தட்டையான வடிவத்தையும் நம்ப முடியாது. சப்பாத்திக்கள்ளியின் தட்டையான மடல் தண்டு. தாவரவியலர்கள் நம்புவது விலாசத்தை. தண்டில் இலை பிறக்கும் இடம் கணு. இலையின் அடி தண்டோடு சேரும் மேல்பக்க இடுக்குக்கு இலைக்கோணம் என்று பெயர். அந்த இடுக்கில் ஒரு மொட்டு இருக்கும். பின்னாளில் கிளையாகவோ பூவாகவோ வளரக்கூடிய கோணமொட்டு அது. ஒரு உறுப்பின் இடுக்கில் மொட்டு இருந்தால், அந்த உறுப்பு எந்த உருவத்தில் இருந்தாலும் இலை. அந்த இடுக்கிலிருந்தே ஒன்று முளைத்து வந்தால் அது கிளை.

இந்தச் சோதனையைக் கடையில் வாங்கும் கறிவேப்பிலையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு இணுக்கில் பதினைந்து இருபது இலைகள் இருப்பதாக நினைக்கிறோம். அவற்றில் ஒன்றின் இடுக்கிலும் மொட்டு கிடையாது. மொட்டு இருப்பது இணுக்கு மொத்தமும் கிளையில் ஒட்டியிருந்த அடிப்பகுதியில். ஆகவே ஒரு இணுக்கு என்பது ஒரே ஒரு கூட்டிலை. நாம் உருவிப் போடுபவை அதன் சிற்றிலைகள். முருங்கைக்கும் இதே கணக்குதான்.

விலாசத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டால், தோட்டத்திலும் சமையலறையிலும் எதிர்பாராத இடங்களில் எல்லாம் இலைகள் அகப்படத் தொடங்கும்.

முதலில் முட்கள். குத்தினால் எல்லா முள்ளும் ஒன்றுபோல்தான் வலிக்கும். பிறப்பு மட்டும் வேறு வேறு. ரோஜாத் தண்டின் முள்ளைப் பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் சுத்தமாகப் பெயர்ந்து விழுந்துவிடும். தண்டின் புறத்தோல் பகுதியிலிருந்து எழுந்த புடைப்பு அது. உள்ளே நீர்க்குழாய்கள் ஓடுவதில்லை. கணு என்று பாராமல் தண்டெங்கும் முளைப்பதற்கும் அதுவே காரணம். காகிதப்பூச் செடியின் முள் அப்படியல்ல. அது ஒவ்வொரு முறையும் ஓர் இலையின் இடுக்கிலிருந்து கிளம்புகிறது. எனவே அது கூராகி நின்றுபோன கிளை. கருவேலத்திலும் இலந்தையிலும் முட்கள் இலைக்காம்பின் அடியில் இருபுறமும் இரட்டையாக நிற்கும். இலைகளின் அடியில் இரு பக்கமும் இருக்கும் இலையடிச் செதில்கள் இறுகி முள்ளானவை அவை. இலந்தைப் பழம் பறிக்கக் கைவிட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: ஜோடியில் ஒரு முள் நேராக இருந்தால் மற்றது கொக்கியாக வளைந்திருக்கும். உள்ளே போன கையை எளிதில் வெளியே எடுக்க விடாதது அந்த இரண்டாவது முள்.

முழு இலையே முள்ளாவதை நீலகிரியின் உயரங்களில் புதராக வளரும் ஊசிக்களாவில் பார்க்கலாம். பெர்பெரிஸ் பேரினத்தைச் சேர்ந்த இதன் நீண்ட கிளைகளில் மூன்று கிளையாகப் பிரிந்த முட்கள் உண்டு. ஒவ்வொரு முள்ளின் இடுக்கிலும் ஒரு கொத்து இலை நிற்கும். அதாவது இலை இருக்க வேண்டிய இடத்தில் முள் இருக்கிறது. இடுக்கிலிருக்கும் கொத்து, கோணமொட்டிலிருந்து வந்த குறுங்கிளை.

சப்பாத்திக்கள்ளியில் இந்தத் துப்பறியும் வேலை இன்னும் ஒரு படி கூடுதல். முற்றிய மடலில் புள்ளி புள்ளியாகத் திட்டுகளும், ஒவ்வொரு திட்டிலும் முள்கொத்தும்தான் தெரியும். புதிதாகத் துளிர்க்கும் இளம் மடலைப் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு திட்டுக்கும் கீழே கூம்பு வடிவில், சதைப்பற்றோடு, பச்சையாக ஒரு துணுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது நிஜமான இலை. சில வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். அந்த இலையின் இடுக்கில் இருப்பதால் திட்டு என்பது கோணமொட்டு. அந்த மொட்டு தன் குட்டிக் கிளையில் போடும் இலைகளே முட்கள். அமெரிக்கக் கண்டத்தில் உருவான கள்ளிக் குடும்பத்தில் பெரஸ்கியா போன்ற சில இனங்கள் இன்றும் சாதாரண அகன்ற இலைகளோடு வாழ்கின்றன. மற்றவை அகன்ற இலையைக் கைவிட்டு, உணவு தயாரிக்கும் பொறுப்பைத் தண்டிடம் கொடுத்துவிட்டன.

நீரைச் சேமிப்பதும் விலங்குகளை விரட்டுவதும் முள்ளின் முதல் இரண்டு பலன்கள். முற்றிய முள்ளில் உயிருள்ள செல்கள் இல்லை. அதனால் அதைப் பராமரிக்கத் தாவரம் தண்ணீர் செலவழிக்க வேண்டியதில்லை. அடர்ந்த முட்கள் தண்டுக்கு நிழலும் தருகின்றன. மெக்சிகோவின் சிவாவா பாலைநிலத்தில் வளரும் ஒப்பன்ஷியா மைக்ரோடேசிஸ் என்ற கள்ளி, மூடுபனியிலிருந்து தண்ணீரே பிடிக்கிறது. அதன் கூம்பு வடிவ முள்ளின் நுனியில் படியும் நீர்த்துளி, முள்ளின் வடிவத்தாலும் அதிலுள்ள நுண்ணிய வரிப்பள்ளங்களாலும் அடிப்பக்கம் நோக்கித் தானாக நகர்வதை 2012-இல் சீன ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இலை முள்ளாகும் பாதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் காண ஈச்ச மட்டை ஒன்று போதும். நுனிப்பக்கம் சிற்றிலைகள் மெல்லியதாக, வளையக்கூடியதாக இருக்கும். நடுவிலிருந்து கீழே வர வர அவை குட்டையாகி, மடிப்பு இறுகி, விறைக்கும். அடியில் கை வைத்தால் விரல் நீளத்துக்கு ஊசிகள். இடையில் எந்தக் கோட்டில் சிற்றிலை முடிந்து முள் தொடங்கியது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது.

சமையலறையில் ஒளிந்திருப்பவை முள்ளின் நேர் எதிர். இங்கே இலை இளைக்கவில்லை, கொழுத்திருக்கிறது. ஒரு பெரிய வெங்காயத்தை மேலிருந்து கீழாக நேர் பாதியாகப் பிளந்தால், வேர்க்கொத்துக்குச் சற்று மேலே தட்டையாக, கெட்டியாக ஒரு வட்டு தெரியும். நறுக்கும்போது நாம் வெட்டி எறியும் பகுதி அது. வெங்காயத்தின் தண்டு அவ்வளவுதான். அதன் மேல் ஒன்றையொன்று போர்த்தியபடி அடுக்கியிருப்பவை எல்லாம் இலைகளின் அடிப்பாகங்கள். மேலே நீண்டு நின்ற பச்சைப் பகுதியை வெங்காயத்தாள் என்று தனியாக விற்கிறோம். தாள் தயாரித்த சர்க்கரை கீழே இறங்கி இந்த அடுக்குகளில் சேர்கிறது. சேமிப்பு முடியும் தருவாயில் கழுத்து தளர்ந்து தாள் சாயும். வெங்காயம் போட்ட விவசாயி அறுவடை நேரத்தைக் கணிப்பது அந்தச் சாய்வை வைத்துத்தான்.

பிளந்த வெங்காயத்தின் நடுவில் முளை தெரியும். சில காய்களில் ஒரு முளைக்குப் பதில் இரண்டு, மூன்று இருக்கும். அவை அடுக்குகளின் இடுக்குகளில் விழித்துக்கொண்ட கோணமொட்டுகள். விலாசச் சோதனை இங்கேயும் தேறிவிடுகிறது. சின்ன வெங்காயத்தில் இந்தப் பக்கமொட்டுகள் பலவும் சேர்ந்தாற்போல் பருத்துவிடுவதால் ஒரே அடியில் கொத்தாகக் காய்க்கிறது. பூண்டு இதே கதையின் இன்னொரு வடிவம். ஒவ்வொரு பல்லும் ஒரு கோணமொட்டு. உரித்தால் வரும் காகிதத் தோல் காவலுக்கான ஓர் இலை; உள்ளே வெண்மையாகப் பருத்திருப்பது சேமிப்புக்கான மற்றோர் இலை. அதையும் நீளவாக்கில் கீறினால் நடுவில் பச்சை முளை இருக்கும்.

சேமித்ததைக் காக்கவும் ஏற்பாடு உண்டு. வெங்காயச் செல்லுக்குள் கந்தகச் சேர்மங்கள் ஓர் அறையிலும் அவற்றைப் பிளக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டுச் செல் உடையும்போதுதான் இரண்டும் கலக்கும். கண்ணைக் கரிக்கும் ஆவி அப்போது பிறக்கிறது. மண்ணுக்குள் வெங்காயத்தைக் கடிக்க வரும் உயிர்களுக்கான ஏற்பாடு அது. சமையல் செய்பவர் இடையில் வந்து மாட்டிக்கொள்கிறார்.

வாழையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆளைவிட உயரமாக நிற்கும் அந்த அடிமரம் மரமும் அல்ல, தண்டும் அல்ல. நீண்ட இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி எழுப்பிய தூண் அது. மெய்யான தண்டு, மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. குலை தள்ளும் பருவம் வந்ததும் கிழங்கிலிருந்து பூந்தண்டு கிளம்பி, மட்டைகளின் நடுவே துளைத்துக்கொண்டு மேலேறுகிறது. குலை வெட்டிய பின் மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக் கடைசியில் கிடைக்கும் வெள்ளைத் தண்டைத்தான் பொரியல் செய்கிறோம். உரித்த மட்டையைக் குறுக்கே வெட்டினால் வரிசையாகக் காற்றறைகள் தெரியும். குறைந்த பொருளில் அதிக உயரம் தாங்க அவை உதவுகின்றன. மட்டைக்கு வலு தரும் இழைகள் காய்ந்தபின் பூக்கட்டும் நாராகின்றன. ஆக, வாழையில் சாப்பாடு பரிமாறும் பகுதியும் மாலை கட்டும் பகுதியும் ஒரே இலையின் மேலும் கீழும்.

அதே வாழையின் பூவை ஆய உட்கார்ந்தால் அடுத்த வேடம் வெளிப்படும். கருஞ்சிவப்பு மடல் ஒன்றைத் தூக்கியதும் அதன் இடுக்கில் சீப்பு சீப்பாகப் பூக்கள். இடுக்கில் பூ பிறக்கிறது என்றால் மடல் இலையாக இருந்தாக வேண்டும். பூவையோ பூங்கொத்தையோ தன் இடுக்கில் தாங்கும் இப்படிப்பட்ட இலைக்குப் பூவடிச் செதில் என்று பெயர். தென்னையின் பூங்கொத்தை மூடியிருக்கும் பாளையும் அந்த வகைதான். இளம் பூக்களை வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் காத்து, சமயம் வந்ததும் வெடித்து வழிவிடுவது அதன் வேலை.

சில செடிகளில் இந்தச் செதில்கள் காவல் வேலையைத் தாண்டி விளம்பர வேலைக்கும் வந்துவிட்டன. காகிதப்பூவில் ரோஜா நிறமோ ஆரஞ்சு நிறமோ கண்ணைப் பறிப்பவை மூன்று பூவடிச் செதில்கள். ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், நடுநரம்பும் கிளைநரம்புகளும் அப்படியே இலையின் அமைப்பில் ஓடுவது தெரியும். நிஜப் பூ, அந்த நடுநரம்போடு காம்பு ஒட்டிய சின்னக் குழாய். அதன் வாய்தான் வெள்ளையாக விரிகிறது. மூன்று செதிலுக்கும் மூன்று பூ. இதழ்கள் சீக்கிரம் வாடிவிடும். இலைச்செதில்கள் வாரக்கணக்கில் நிறம் மங்காமல் நிற்கும். காகிதம் என்று பெயர் எடுத்ததும், வேலியில் இத்தனை நாள் அழகு காட்டுவதும் அதனால்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் நர்சரிகளில் சிவக்கச் சிவக்க விற்கும் பாயின்செட்டியாவும் மெக்சிகோவிலிருந்து வந்த இதே வகைக்காரன். அதன் பூக்கள் நடுவில் மஞ்சள் பொட்டுகளாக ஒடுங்கியிருக்கும்.

தாழம்பூவில் நிறத்தோடு மணமும் சேர்ந்துவிட்டது. ஜடையில் வைத்துத் தைக்கும் அந்த வெளிர்மஞ்சள் மடல்கள் இதழ்கள் அல்ல. ஆண் தாழையின் பூங்கொத்தைச் சூழ்ந்து நிற்கும் பூவடிச் செதில்கள் அவை. ஓரத்தில் கையைக் கீறும் பொடி முட்கள் இருப்பது, அவை தாழையின் மற்ற இலைகளோடு உறவு விட்டுப்போகாதவை என்பதற்குச் சாட்சி.

இலை இளைக்கும், கொழுக்கும், நிறம் ஏறும் என்பதோடு நிற்கவில்லை; பற்றி ஏறவும் செய்யும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்கு உறுதியான தண்டு கிடையாது. அதன் இலைகளின் கீழ்ப்பகுதி சாதாரணமாக இருக்கும். நுனி மட்டும் மெலிந்து நீண்டு, சுருளும். வேலிக் கம்பியோ பக்கத்துச் செடியின் குச்சியோ அந்த நுனியைத் தொட்டால், தொட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வேகமாக வளர்ந்து, நுனி பொருளைச் சுற்றிக்கொள்ளும். இலையின் பெரும்பகுதி வழக்கம்போல் உணவு தயாரிக்க, சில சென்டிமீட்டர் நுனி மட்டும் கொடியைத் தூக்கிப் பிடிக்கிறது. மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் விதைக்காக இதைப் பயிரிடும் விவசாயிகள் கம்பிகளும் முள்செடிக் குச்சிகளும் கொண்டு பந்தல் அமைப்பது இந்த நுனிகளுக்காகத்தான். விதையில் இருக்கும் கால்சிசின், மூட்டுவாதமான கவுட் நோய்க்கு மருந்தாகிறது.

பிரண்டையும் பற்றுக்கம்பி விடுகிறது. ஆனால் அதன் கம்பி இலைக்கு எதிர்ப்புறக் கணுவிலிருந்து கிளம்பும். அது இலை அல்ல, தண்டின் உருமாற்றம். பட்டாணியில் கதை வேறு. அதன் கூட்டிலையில் கீழே இரண்டு மூன்று ஜோடிச் சிற்றிலைகள், மேலே அவற்றின் இடத்தில் ஜோடி ஜோடியாகக் கம்பிகள். பார்த்தாலே கம்பி என்பது சிற்றிலைதான் என்று ஊகிக்கலாம். 2009-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்த ஜூலி ஹோஃபரும் சகாக்களும் அந்த ஊகத்துக்கு மரபணு ஆதாரம் கொடுத்தார்கள். டென்ட்ரில்-லெஸ் எனப்படும் ஒரே மரபணு செயலிழந்த பட்டாணிச் செடியில் கம்பி இருக்க வேண்டிய இடமெல்லாம் சிற்றிலைகள் விரிகின்றன. அந்த மரபணு வேலை செய்யும்போது, சிற்றிலை அகலமாக விரிவதை அது தடுத்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான மாற்றமும் பட்டாணியில் உண்டு. அஃபிலா என்ற மரபணு மாறிய செடியில் சிற்றிலைகள் எல்லாம் கம்பிகளாகிவிடும். கேட்பதற்கு ஊனம்போல் தோன்றினாலும் விவசாயிக்கு இது லாபம். சாதாரணப் பட்டாணிக் கொடி காய் பாரம் தாங்காமல் தரையில் படுத்துவிடும். அஃபிலா செடிகள் பக்கத்துச் செடியின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வயல் முழுக்க நிமிர்ந்து நிற்கும். காற்றோட்டம் நன்றாக இருக்கும், இயந்திர அறுவடையும் எளிது. உணவு தயாரிப்பை இலையடியிலுள்ள பெரிய செதில்களும் கம்பிகளும் பார்த்துக்கொள்கின்றன. உலர்பட்டாணிக்காகப் பயிரிடும் இன்றைய ரகங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

தண்ணீர்ப் பஞ்சத்தைச் சமாளிக்க இலைக்கு முள்ளாவது தவிர வேறு வழிகளும் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய அகேசியா மெலனோசைலான் மரத்தின் இளங்கன்று ஒரே செடியில் இரண்டு செடிகளின் இலைகளைக் காட்டும். முதல் இலைகள் நம்மூர்க் கருவேல இலையைப் போல் பொடிப்பொடியான கூட்டிலைகள். அடுத்து வரும் இலைகளில் காம்பு தட்டையாகி அகலமாகும். நுனியில் மட்டும் கொஞ்சம் சிற்றிலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே சிற்றிலையே இல்லை. அகன்ற காம்புதான் இலையாக நிற்கும். இந்தக் காம்பிலைகள் தரைக்குச் செங்குத்தாகத் தொங்குவதால் உச்சிவெயில் அவற்றின் முகத்தில் விழாமல் ஓரத்தில் விழுகிறது. ஆஸ்திரேலியாவின் ஏறக்குறைய 1,000 அகேசியா இனங்களில் பெரும்பாலானவை இந்த வழியைப் பின்பற்றுகின்றன.

தடித்த இலைகளின் ரகசியம் ஒன்று வெளிவந்ததற்கும் தென்னிந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. ஜெர்மனியில் பிறந்து, மொராவிய மிஷன் வழியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி என்று நாம் சொல்லும் செடியின் சதைப்பற்றான இலையை அவர் வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சப்பென்று இருந்தது. சாயங்காலம் லேசான கசப்பு. இதை அவர் எழுதி அனுப்ப, லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் 1815-இல் வெளியானது. ஹெய்ன் 1819-இல் சென்னையில் காலமானார். நாக்கு சொன்ன சேதிக்கு முழு விளக்கம் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கும் மேலானது.

மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீரையும் இழக்கின்றன. ரணகள்ளி இரவின் குளிரில் துளைகளைத் திறக்கும். உள்ளே வந்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கிச் செல்லுக்குள் இருக்கும் பெரிய நீர்ப்பைகளில் வைக்கும். விடியும்போது இலை புளிப்பது அதனால்தான். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து கரியமில வாயுவை மீட்டுச் சர்க்கரை தயாரிக்கும்; புளிப்பு குறைந்துகொண்டே வரும். இரவு முழுக்கச் சேரும் அமிலத்தை வைக்க இடம் வேண்டும். தடித்த இலை அந்த இடத்தைத் தருகிறது. கள்ளிகளும் அன்னாசியும் இதே உத்தியைக் கையாள்கின்றன.

தண்ணீர் தாராளமாக இருந்தும் மண்ணில் சத்தில்லாத இடங்களில் இலையின் பிரச்சினை வேறு. இலங்கையின் தென்மேற்கு ஈரநிலங்களில் வளரும் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியாவும், மேகாலயாவின் காசி, காரோ மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானாவும் அப்படிப்பட்ட இடத்துக்காரர்கள். இவற்றில் இலைபோல் தட்டையாகத் தெரிவது விரிந்த இலையடி. அதன் நுனியிலிருந்து ஒரு கொடிக்கம்பி நீளும். கம்பியின் முனை உப்பி, குழிந்து, மூடியோடு கூடிய குடுவையாகும். நைட்ரஜனை வேர் வழியாகத் தேடிக் களைத்த தாவரம், பூச்சி வழியாகத் தேடுகிறது.

குடுவையின் வாயைச் சுற்றி வழவழப்பான விளிம்பு ஒன்று உண்டு. அதில் தேனும் சுரக்கும். வெயிலில் காய்ந்திருக்கும்போது எறும்புகள் அதில் சாதாரணமாக நடந்து தேன் குடித்துவிட்டுத் திரும்பும். மழையோ பனி ஈரமோ பட்டால் நிலைமை தலைகீழ். விளிம்பின் நுண்பள்ளங்கள் நீரை மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். எறும்பின் பாதத்துக்கும் பரப்புக்கும் இடையில் நீர்ப்படலம் புகுந்து, பிடி வழுக்கி, உள்ளே விழும். 2004-இல் ஹோல்கர் போனும் வால்டர் ஃபெடர்லேயும் இதைக் காட்டினார்கள். விழுந்த பூச்சியைக் குடுவைத் திரவத்திலுள்ள நொதிகள் கரைக்கின்றன.

போர்னியோவில் இந்த வியாபாரம் கொலையில்லாமலும் நடக்கிறது. நெப்பந்தஸ் ஹெம்ஸ்லேயானா என்ற இனத்தின் நீண்ட குடுவைகளில் ஒரு வகைச் சிறு வௌவால் பகலில் தங்கித் தூங்குகிறது. உறைவிடத்துக்கு வாடகையாக அதன் எச்சம் உள்ளே விழுகிறது. வௌவால் தங்கிய செடிகளின் இலை நைட்ரஜனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்த எச்சத்திலிருந்து வந்தது என்று 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது. குடுவையின் பின்சுவர் வௌவாலின் மீயொலியைத் திருப்பி அனுப்பி, இருக்குமிடத்தை அறிவிக்கும் வடிவில் அமைந்திருப்பதும் 2015-இல் தெரியவந்தது.

அதே தீவின் சரவாக் பகுதியில், மரங்களின் மேல் தொற்றி வளரும் டிஸ்கிடியா மேஜர் என்ற செடி பூச்சியைப் பிடிப்பதும் இல்லை, செரிப்பதும் இல்லை. எறும்புக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. அதன் சில இலைகள் ஓரம் மடங்கி, உள்ளே வெற்றிடமுள்ள பைகளாகின்றன. எறும்புகள் குடியேறிக் குப்பையும் மண்துகளும் சேர்க்கும். செடி தன் வேரையே அந்தப் பைக்குள் விட்டுச் சத்தை உறிஞ்சும். கேத்லீன் டிரெசெடரும் சகாக்களும் 1995-இல் கணக்கிட்டபோது, எறும்பு குடியிருந்த இலைகளின் கார்பனில் 39 சதவீதம் எறும்புகள் மூச்சாக விட்ட கரியமில வாயுவிலிருந்தும், நைட்ரஜனில் 29 சதவீதம் அவை சேர்த்த குப்பையிலிருந்தும் வந்திருந்தது. பையின் உட்புறத்தில் இலைத்துளைகள் இருப்பதன் பயன் அப்போது விளங்கியது.

இத்தனை வடிவங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே உறுப்பு என்ற கருத்து பழையது. கவிஞர் கோத்தே 1790-இல் தாவரங்களின் உருமாற்றம் பற்றி எழுதிய நூலில், விதையிலை, தண்டிலை, புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் ஒரே அடிப்படை உறுப்பின் மாற்றங்கள் என்றார். பிற்காலத்தில் அவரை மயக்கிய செடி, ஹெய்ன் மென்று பார்த்த அதே ரணகள்ளி. பறித்துப் போட்ட இலையின் ஓரப் பற்களிலிருந்து வேரும் துளிருமாகக் குட்டிச் செடிகள் கிளம்புவதைப் பார்த்து வியந்து, நண்பர்களுக்கெல்லாம் இலை கொடுத்தார். ஜெர்மனியில் இன்றும் அதைக் கோத்தே செடி என்கிறார்கள்.

பூவின் பாகங்களும் இலைதான் என்பதற்கு ஆய்வகச் சான்று 1991-இல் வந்தது. அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் பூவுறுப்புகளின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் மூன்று வகை மரபணுக்களையும் ஜான் போமன், டேவிட் ஸ்மித், எலியட் மெயரோவிட்ஸ் மூவரும் ஒரே செடியில் செயலிழக்கச் செய்தார்கள். பூ வர வேண்டிய இடத்தில், புல்லி முதல் சூலகம் வரை எல்லா வட்டங்களிலும் இலை போன்ற உறுப்புகள் வந்தன. அதே ஆண்டில் மெயரோவிட்ஸும் நாரிச்சின் என்ரிகோ கோயனும் இந்த மரபணுக்கள் எப்படிக் கூட்டாக வேலை செய்கின்றன என்ற விதியை வகுத்தார்கள்.

விலாசச் சோதனை தடுமாறும் செடிகளும் உண்டு. அவற்றில் முக்கியமானது குளம் குட்டைகளில் மிதக்கும் யூட்ரிகுலேரியா. அதற்கு வேர் கிடையாது. எது தண்டு, எது இலை என்பதில் தாவரவியலர்களுக்குள்ளேயே நெடுங்காலமாக வழக்கு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அதன் பைகள் தண்ணீரை வெளியேற்றி உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். வாசலிலுள்ள மயிரிழைகளை நீர்ப்பூச்சி தொட்டதும் கதவு உள்நோக்கித் திறந்து, ஒரு மில்லிவினாடிக்குள் பூச்சி நீரோடு உறிஞ்சப்பட்டுவிடும். தாவர உலகின் மிக வேகமான அசைவுகளில் ஒன்று அது.

கோயன் 2020-இல் கிறிஸ் வைட்வுட்ஸ் உள்ளிட்ட சகாக்களுடன் யூட்ரிகுலேரியா கிப்பா என்ற இனத்தை எடுத்துக்கொண்டார். அதன் மெல்லிய இலையும் பையும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி மொட்டுகளாகத் தோன்றுகின்றன. எந்த இலையின் மொட்டிலும் மேல்பக்கம் இது, கீழ்ப்பக்கம் இது என்று குறிக்கும் மரபணுக்கள் செயல்படும். பையாகப் போகும் மொட்டில் மேல்பக்க மரபணுக்கள் செயல்படும் பகுதி மிகக் குறுகியதாக இருந்தது. அந்த மரபணுக்களில் ஒன்றை மொட்டெங்கும் செயல்பட வைத்தபோது பைகள் உருவாகவில்லை. மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற எல்லைக்கோடு சற்றே நகர்வது, இலை தட்டையாக விரிவதா குழிந்து பையாவதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது என்று அவர்களது கணினி மாதிரியும் காட்டியது. வட அமெரிக்காவின் சதுப்புகளில் வளரும் சர்ராசீனியாவும் குடுவை வைக்கும் செடிதான். ஆனால் அதில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் கண்டது வேறு வழி. அங்கே இளம் இலையின் அடிப்பகுதியில் செல்கள் எந்தத் திசையில் பிரிகின்றன என்பது மாறுவதால் ஒரு மேடு எழுந்து, இலை குடுவையாகிறது.